நாலு சதவீதம்

"நாலா? நாப்பதா இருக்கும். கண்ணாடியப் போட்டுப் பாருங்க," என்றாள் அம்மா.

அப்பா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். நாலுதான்.

'நீங்கள் எத்தனை சதவீதம் தமிழர்? இருபதே கேள்விகள்! உங்கள் அரசியல், பண்பாட்டு அடையாளத்தை அறிவியல் முறையில் அளந்து சொல்கிறோம்!'

காலையில் சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்த லிங்க். அதை அப்பா மாப்பிள்ளைப் பையனுக்கும் அனுப்பி, 'உடனே எழுதி ரிசல்ட் அனுப்பவும்' என்று போட்டிருந்தார்.

பையன் பெயர் காளிராஜ். மாட்டாஸ்பத்திரியில் வேலை. வெள்ளிக்கிழமை என் அக்கா ரோகிணிக்குப் பூ வைக்க வருவதாகப் பேச்சு.

அவர் அனுப்பிய ரிசல்ட்: 'நீங்கள் 4% தமிழர். பண்பாடு: வற்றிவிட்டது. அரசியல் விழிப்பு: அபாய நிலை.'

"எனக்கு எம்புட்டுன்னு பாத்தியா?" அப்பா தன் போனைத் தூக்கிக் காட்டினார். சார்ஜர் ஒயர் எட்டிய உயரத்துக்குத்தான் தூக்க முடிந்தது. "நூறு! குரூப்புலயே நான் ஒருத்தன்தான் நூறு!"

"எனக்குக் காலையில எழுபத்தொண்ணு வந்துச்சு. இப்ப அதே பதிலத் தட்டினா அம்பத்தெட்டு வருதுப்பா," என்றாள் ரோகிணி.

"வரவர உனக்குப் பண்பாடு குறையுதுன்னு அர்த்தம்."

"கேள்வியாங்க அதெல்லாம்?" என்றாள் அம்மா. "'விருந்தாளி வந்தால் உங்கள் சோற்றைக் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடப்பீர்களா?' எதுக்குக் கிடக்கணும்? இன்னும் ஒரு ஆழாக்கு அரிசியப் போட்டா ரெண்டு பேருமே சாப்பிடலாம்ல?"

"அதனாலதான் உனக்கு முப்பது. ஏ அகல்யா, அந்தப் பையனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வையி."

வைத்தேன்.

"தம்பி, பதினோராவது கேள்வி. 'காளையை அடக்கியதுண்டா?' என்ன போட்டீக?"

"இல்லைன்னு போட்டேன் மாமா."

"மஞ்சுவிரட்டுக்கே போறதில்லையோ?"

"வருசம் தவறாமப் போவேன் மாமா. குத்துப்பட்ட மாட்டுக்குத் தையல் போட ஆள் வேணும்ல. அதுக்கு அதுல கட்டம் இல்ல."

"சரி, பதினாறு. 'தமிழரின் எதிர்காலம் எதில் உள்ளது? அ, மண். ஆ, மொழி. இ, வீரம்.' அதுக்கு?"

"அது வந்து மாமா, நான் என்ன நெனச்சேன்னா..."

டொக்.

அப்பா போனையே பார்த்தார்.

"வெச்சிட்டான்! பெரிய மனுசன் பேசிக்கிட்டிருக்கையிலேயே வெச்சிட்டான்! இவனுக்கு அந்த நாலே ஜாஸ்தி. வெள்ளிக்கிழமை வர வேண்டாம்னு தரகர்ட்டச் சொல்லிருவோம்."

ரோகிணி துணி மடிக்க உட்கார்ந்தாள். மடித்த சேலையையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

அரை மணி நேரம் கழித்து ராக்காயி தூக்குச்சட்டியோடு வந்தார். கோவிலூர்த் தோட்டத்தில் எங்கள் மாடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்.

"ஐயா, சீம்பாலு. பொட்டக் கன்னு. தாயும் புள்ளையும் சொகம்."

"அட! காலையில சிக்கல்னியே?" என்றார் அப்பா.

காலையில் ராக்காயி போன் செய்தபோது அப்பா 'கால்நடைகளை உங்கள் உயிராக மதிக்கிறீர்களா?' என்ற கேள்வியில் இருந்தார். 'நீயே யாரையாச்சும் கூப்பிட்டுக்க' என்று சொல்லிவிட்டு, 'ஆம்' என்ற கட்டத்தைத் தட்டினார்.

"சிக்கல்தான்யா. கன்னு காலு மடங்கி நின்னுக்கிருச்சு. கரண்டு வேற இல்ல. மழ மூட்டத்துல கொட்டிலே கும்மிருட்டு. மாட்டாஸ்பத்திரிக்குப் போனப் போட்டேன். லீவு நாளுன்னும் பாக்காம காளிராஜ் தம்பி ஓடியாந்துச்சு. தன் போன்ல லைட்டப் போட்டு உத்தரத்துல கட்டித் தொங்கவிட்டுட்டு, நாலு மணி நேரம்யா! கை எடுக்கல."

துணி மடிக்கும் சத்தம் நின்றது.

"யாரு? நம்ம காளிராஜா?" என்றார் அப்பா.

"அவுகதான். 'நான் வந்தேன்னு மாமாகிட்டச் சொல்லிராதீக. சம்பந்தம் பேசுற நேரம், காரியம் ஆகச் செஞ்ச மாதிரி இருக்கும்'னுச்சு. எனக்குத்தேன் வாயில எதுவும் நிக்காதே!"

அப்பா தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"அகல்யா, இவ்வளவு செய்யிற பையனுக்கு அது ஏன் நாலு போட்டுச்சு? அந்தக் க்விஸ்ஸ எவன் செஞ்சான்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியும்ப்பா. நான்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, பயமா, தெரியவில்லை.

"சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேம்ப்பா. கேள்விக்கும் மார்க்குக்கும் சம்பந்தமே இல்ல. அந்த நேரத்துல போன்ல எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கோ, அதையே மார்க்காக் காட்டும்."

அடி விழும் என்று ஒதுங்கி நின்றேன். விழவில்லை.

"வெள்ளிக்கிழமை அவுக வரட்டும்," என்றார் அப்பா, தன் போனைப் பார்த்தபடியே.

விடிந்ததிலிருந்து சுவரை விட்டு நகராத போன். இன்னமும் நூறு.