நீல விளக்கின் கீழே

“கறுப்புச் சட்டையோட வந்திருக்க? இது இன்டர்வியூம்மா, போராட்டம் இல்ல” என்றார் தலைமை மருத்துவர். தேர்வுக் குழுவில் இருந்த மயக்க மருத்துவரும் இன்னொரு மருத்துவரும் என் சட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கோப்பைப் புரட்டினார்கள்.

பல்லைக் கடித்துக்கொண்டேன். எனக்கு அந்த ஆராய்ச்சிப் பயிற்சி இடம் வேண்டும். நோயாளிக்கு ஒரு மருந்தைக் குடிக்கக் கொடுத்தால், மூளையிலுள்ள கட்டி மட்டும் நீல விளக்கில் சிவப்பாக ஒளிரும். அதைப் பார்த்து அறுத்தெடுக்கும் பயிற்சி.

“உங்க வீட்ல யாராவது காலேஜ் வாசலை மிதிச்சிருக்காங்களா?”

“நான் மிதிச்சிருக்கேன் சார்.”

“வாய் மட்டும் நீளம். சரி, செஞ்சு காட்டு.”

அறையை இருட்டாக்கி, மாதிரி மூளையின் மேல் நீல விளக்கைப் போட்டேன். கட்டி தணலாகக் கனன்றது.

“எங்க ஒளிருது? ஒண்ணுமே தெரியல. சுத்த ஏமாத்து வேலை. இத்தனை வருஷமா இந்தக் கண்ணை நம்பித்தான் கத்தியைப் பிடிக்கிறேன்.”

“நல்லாத் தெரியுதே சார்” என்று முனகினார் மயக்க மருத்துவர்.

“உமக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா?”

அறை விளக்கைப் போட்டேன்.

“யார் கண்ணுன்னு இப்பவே பாத்துடலாம் சார். என் சட்டை என்ன நிறம்னு இவங்களைக் கேளுங்க.”

இருவரும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் மயக்க மருத்துவர்தான் சொன்னார்.

“ரத்தச் சிவப்பு சார்.”