உடைந்த பல்பு

பிற்பகல் வெயில் சன்னல் வழியே சாய்ந்து விழும் அறையில், முக்காலியின் மேல் நிற்கிறான் அகமது நெய்னா. மேலே ஹோல்டரில் உடைந்த பல்பின் கண்ணாடி கூர்கூராக நீட்டிக்கொண்டிருக்கிறது. நாளை அவன் தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போகவேண்டும். "இந்தத் தடவை போகாதீங்களேன்" என்று மனைவி லத்தீபா கேட்டதற்குத்தான், சற்றுமுன் கையிலிருந்த தம்ளரை வீசியெறிந்தான். அது அவள் தலைக்கு மேலாகப் போய்ப் பல்பில் பட்டது. "மெயினை அணைச்சாச்சா?" என்கிறான். "அணைச்சுட்டேன். இந்தச் சாக்கைக் கையில சுத்திக்கங்க, கிழிச்சிரும்" என்கிறாள் அவள், முக்காலியை ஆடாமல் பிடித்தபடி. சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, பல்பின் பித்தளைக் கழுத்தைக் குறடால் பற்றி, மெல்ல அழுத்தித் திருப்புகிறான். கீழே விரித்த பேப்பரில் கண்ணாடிப் பொடி உதிரும் சத்தம் மட்டும் கேட்கிறது. கழுத்து கழன்று வருகிறது. இறங்கி அதைப் பேப்பரில் வைக்கிறான். "கோவத்துல எறிஞ்சுட்டேன் புள்ள" என்கிறான். அவள் தலைமுடியில் ஒரு கண்ணாடிச் சில்லு மின்னுகிறது. அதை எடுத்துவிடக் கையை உயர்த்துகிறான். அவள் சட்டென்று கண்களை இறுக மூடிக்கொண்டு குனிகிறாள். உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் நிற்கிறான்.