பேச்சியின் வெளுப்பு

“எங்க பேச்சியைக் கறுப்பாக்கித் தாங்க அண்ணாச்சி.”

போட்டோக்காரர் நயினார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரே நின்ற சொரிமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார். தென்காசியில் அவருடைய ஸ்டூடியோவுக்குள் காக்கை நுழைந்தால் கொக்காகத்தான் வெளியே வரும். அவர் எடுத்த படத்தை நம்பி வந்த செங்கோட்டை மாப்பிள்ளை ஒருவன், மணவறையில் பெண் மாறிவிட்டதென்று தாலியோடு எழுந்து ஓடியதாகப் பேச்சு.

கறுப்பாக்கச் சொல்லி ஒரு தகப்பன் வந்தது இதுதான் முதல் தடவை.

“என்னவே, குத்தாலத்துல வாரவன் போறவனுக்கெல்லாம் எண்ணெய் தேய்ச்சு ஒமக்கு மூளை வழுக்கிட்டா? போன தையில நீருதான, ‘பொண்ணு பாக்க அனுப்பணும், வெளுப்பாப் போடுங்க’ன்னு காலைப் பிடிச்சீரு?”

“நான்தான் சொன்னேன் அண்ணாச்சி.”

“மாப்பிள்ளை வீட்டுக்காரன் நேர்ல பாத்துட்டு மொறைச்சானோ?”

சொரிமுத்து சாரலில் நனைந்த துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டார்.

“சரி, பிள்ளையைக் கூட்டிட்டு வாரும். புதுசா ஒண்ணு எடுத்துருவோம்.”

“அவளால வர முடியாது. இந்த ஒரு படந்தான் இருக்கு.”

“ரோசக்காரிதான்!” என்று சிரித்தபடி நயினார் கண்ணாடி நெகட்டிவைத் தேடி எடுத்தார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். அதில் கன்னத்தின்மேல் பென்சிலால் கறுப்புப் பூசினால், படத்தில் கன்னம் வெளுத்துவிடும்.

“வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவுல உள்ள சாம்பல் அம்புட்டும் எங் கைக்குள்ளதாம்வே இருக்கு. ஆனா இந்தப் பென்சிலைத் துடைக்கும்போது கீறல் விழுந்துச்சுன்னா மொகமே போயிரும். துடைக்கவா?”

“மொகம் போயிருமா?” சொரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு, “துடைங்க” என்றார்.

டர்பன்டைன் தொட்ட பஞ்சால் மூச்சை அடக்கிக்கொண்டு நயினார் துடைத்தார். பிறகு இருட்டறையில், சிவப்பு விளக்கின் அடியில், மருந்துத் தண்ணீருக்குள் காகிதத்தைப் போட்டு ஆட்டினார். முதலில் கண் தெரிந்தது. அப்புறம் மூக்குத்தி. மெல்ல மெல்ல நாவற்பழக் கறுப்பில் ஒரு கன்னம், அதில் அம்மைத் தழும்பு.

“எண்ணெய்க் கையால தொடாதேயும்!” என்று நயினார் அதட்டுவதற்குள், சொரிமுத்து ஈரப் படத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தேம்ப ஆரம்பித்துவிட்டார்.

“எதுக்குவே அழுவுதீரு? இந்த நெறத்தையும் ஆசைப்பட்டுக் கட்ட ஒருத்தன் வருவாம்வே.”

சொரிமுத்து நிமிரவில்லை.

“‘எவளோ செவத்த பிள்ளைக்கு நான் எதுக்கு மாலை போட்டு வெளக்கேத்தணும், எம் மவ மொகத்தைக் கொண்டா’ன்னு, இவ ஆத்தா சுவத்துல முட்டிக்கிட்டு அழுவுதா அண்ணாச்சி.”