தனி டப்பா

பதினோராம் வகுப்புப் பெண்கள் மதியத்தில் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். யார் டப்பாவிலும் யாரும் கை வைக்கலாம். மிருதுளாவால் அது மட்டும் முடியாது. சோற்றோடு வேறெதுவும் கலந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். இன்னொரு கை டப்பாவுக்குள் வந்தால் உடம்பெல்லாம் கூசும். ஏனென்று அவளுக்கே தெரியாது. அதனால் எல்லோருக்குமாக ஒரு டப்பாவும், தனக்கென்று மடியில் மறைத்து இன்னொன்றும் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டது, பள்ளியில் அவளோடு பேசும் ஒரே ஆளான கனிமலர்.

"அதென்னடி தனி டப்பா? நாங்க கை வெச்சா தீட்டா?"

"இல்லடி. என்னால முடியல."

"உங்க ஆளுங்களுக்கு என்னைக்கு முடிஞ்சுது?" என்றாள் பக்கத்திலிருந்தவள். சிலர் சிரித்தார்கள். கனிமலர் சிரிக்கவில்லை.

மிருதுளா கனிமலரின் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். கண்ணில் நீர் வழிய விழுங்கினாள். உடனே வாந்தி எடுத்தாள். தன் அம்மா வைத்த குழம்பு மண்ணில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த கனிமலர், டப்பாவை மூடினாள்.

பிறகு பல நாள் மிருதுளா பள்ளிக்கு வரவில்லை. தலைகூட வாராமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கிடந்தாள். அம்மா இழுத்துவந்து விட்ட அன்று மரத்தடிக்குப் போய், "எனக்கு இடம் இருக்கா கனி?" என்று கேட்டாள்.

எல்லோரும் நகர்ந்தார்கள். யார் முழங்கையும் படாத அளவுக்கு அகலமான இடம் உண்டானது.

"உக்காருங்க," என்றாள் கனிமலர்.

மிருதுளா உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள். எந்தக் கையும் வரவில்லை. எதுவும் கலக்காத வெறும் சோறுதான். அதுவும் இறங்கவில்லை.