அத்தை தைத்த விரிப்பு

"நான் தச்சுக் கொடுத்த விரிப்பு எங்கே, கார்த்திகா?"

செருப்பைக் கழற்றியதும் பாண்டிசெல்வி கேட்ட முதல் கேள்வி அதுதான். தம்பியின் கைப்பிள்ளை, கடையில் வாங்கிய கரடிபொம்மை போட்ட மெத்தையில் படுத்துக் காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

"உள்ள இருக்கு மதினி. பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்" என்றாள் தம்பி மனைவி கார்த்திகா.

"பத்திரமா வைக்க அது என்ன தங்கச் சங்கிலியா? பிள்ளைக்கு விரிக்கத்தானே தச்சேன்?"

கார்த்திகா அடுப்படிக்குப் போய்விட்டாள். செல்விக்குச் சுருக்கென்றது.

ராஜபாளையத்தில் உட்கார்ந்து அவள் தைத்த தையல் கொஞ்சமா நஞ்சமா? நைந்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைகளாகப் பார்த்து, சதுரம் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, மூன்றடுக்காக வைத்துத் தைத்தாள். சுற்றி ஓரத்துக்குச் சிவப்புப் பட்டி. "ஓரத்தை மட்டுமாவது மெஷின்ல ஓட்டிருவோம்" என்று தெருமுனை டெய்லர் சொல்லியும் கேட்கவில்லை. மெஷின் தையல் பிள்ளைத் தோலை உரசும் என்று, பட்டியை மடித்துக் கையாலேயே, நூல் வெளியே தெரியாமல் முடித்தாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று ஒரு பிள்ளை இல்லை. அந்த ஏக்கம் மொத்தமும் அந்த ஓரத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

தொட்டில் போட்ட அன்று ஊரே தொட்டுப் பார்த்து மெச்சியது. ஒரு மாதம் கழித்து ஆசையாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி வந்தால் இந்த லட்சணம்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருந்த குருவம்மாள் சித்திக்கு, வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்தது போல் ஆயிற்று.

"ஒரே வாரத்துல அது பீரோவுக்குள்ள போயிருச்சு செல்வி. ஏன்டின்னு நானும் கேட்டுப் பாத்தேன், வாயவே தொறக்க மாட்டேங்கா. பழைய சேலைத் துணின்னு எளக்காரம் போல."

அவ்வளவுதான். செல்வி பீரோவைத் திறந்தாள். விரிப்பை உருவித் தரையில் விரித்தாள். பிள்ளையைத் தூக்கி அதில் கிடத்தினாள்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த கார்த்திகா பிள்ளையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "வேண்டாம் மதினி. அதுல போடாதீக."

"ஏன்?"

கார்த்திகா சித்தியைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏன்னு கேக்கேன்ல? பிள்ளை பெறாதவ தச்சதுல படுத்தா உம் பிள்ளைக்கு ஆகாதோ?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்ல மதினி."

"பின்ன எப்படி? சொல்லு."

கார்த்திகா பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். செல்விக்கு உடம்பே பற்றி எரிந்தது. ஊர்க்காரி சொன்னால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். கூடப் பிறந்தவன் வீட்டிலேயே இப்படியா?

"மனசுல இருக்கிறத மூஞ்சிக்கு நேரா சொல்லத் துப்பில்ல. படிச்ச பிள்ளைன்னு நெனச்சேன் பாரு, என்னையச் சொல்லணும். இனி இந்த வாசப்படிய மிதிச்சா ஏன்னு கேளு."

"நல்லாக் கேளுத்தா" என்றாள் சித்தி.

விரிப்பைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு செல்வி இறங்கி நடந்தாள். கார்த்திகா பிள்ளையோடு வாசல்வரை வந்து, அழுதுகொண்டே நின்றாள். அந்த அழுகையையும் செல்வி நம்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் தம்பி சோலைராஜ் பைக்கில் வந்து சேர்ந்தான். டியூட்டி முடிந்து வந்தவன், போலீஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

"அக்கா, வீட்டுக்கு வா."

"உன் வீட்டுல பச்சத்தண்ணி பல்லுல படாது. உம் பொண்டாட்டிக்கு என் கைதான் ஆகலையே, நான் மட்டும் எதுக்கு?"

சோலைராஜ் பைக்கை விட்டு இறங்கினான். பையிலிருந்த விரிப்பின் சிவப்பு ஓரத்தைத் தொட்டுக் காட்டினான்.

"இதுக்குள்ள ஒரு குண்டூசி இருந்துச்சுக்கா. பட்டி நகராம இருக்க நீ குத்தினது, எடுக்க மறந்துட்ட போல. பிள்ளை தொடையில ஏறிருச்சு. நல்லவேளை, பெருசா ஒண்ணுமில்ல."

செல்வி பையைக் கீழே வைத்தாள். "பிள்ளைக்கா? நானா?"

"பொறவு கார்த்திகா ஓரம் முழுக்க விரலால தடவித் தடவிப் பாத்தா. இன்னும் ஒண்ணு உள்ள கெடந்தா என்ன செய்யன்னு பயம். பிரிச்சுப் பாக்கலாம்னா, நீ அம்புட்டு ஆசையாத் தச்சதைப் பிரிக்க அவளுக்கு மனசு வரல."

"அத எங்கிட்டச் சொன்னா என்னடா? நான் இம்புட்டுக் கேவலமாப் பேசுறேன், வாங்கிக்கிட்டு ஊமை மாதிரி நிக்கா?"

"சித்தி பக்கத்துல இருக்காகள்ல? அன்னைக்கு எறும்பு கடிச்சிருச்சுன்னு சொல்லித்தான் சித்தியவே சமாளிச்சா. 'பிள்ளை பெறாதவ கைபட்டதாலதான் பிள்ளையக் குத்துச்சுன்னு அவுக ஊரெல்லாம் சொல்லிருவாக. என்னைய யாரு என்ன பேசினாலும் பேசட்டும், மதினிய அந்த வார்த்த சொல்லிரக் கூடாது'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காக்கா."