செங்கலுக்கு வந்த குதிரைகள்

“ஏட்டி, செங்கலு போச்சு. நாலு பக்கமும் கொள்ளக்காரனுவளாக்கும்.”

லீலாபாய் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே எட்டிப் பார்த்தாள். கணவர் ராஜையா கம்ப்யூட்டர் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். திரையில், காட்டிலிருந்து இறங்கிய கொள்ளைக்கூட்டம் செங்கல் என்ற ஊரை வளைத்து நின்றது.

“ஒரு வெளையாட்டுக்கு இம்புட்டு சங்கடமா? ஞாயிறாட்ச காலத்தே. ஆராதனைக்கு நேரமாச்சு.”

“நான் ஆடல்ல. சும்மா பாக்கியேன்.”

ஞாயிற்றுக்கிழமை விளையாடக்கூடாது என்பது ராஜையா வீட்டுச் சட்டம். மகன் ஜெனிலைச் சின்ன வயதில் முழங்காலில் நிறுத்திப் பழக்கிய சட்டம். லேகா என்ற இந்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போன பிறகும் அதை மட்டும் அவன் மீறவில்லை.

அந்தக் கல்யாணத்தோடு அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. இந்த விளையாட்டு நிற்கவில்லை. இங்கே ஆடி முடித்தால் முறை அங்கே போகும். அங்கே ஆடினால் இங்கே வரும். ‘சாப்பிட்டியா’ என்று கேட்க வாய் வராத மனிதருக்கு அதுதான் நலம் விசாரிப்பு.

செங்கல் என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்தது ஜெனில். காவலுக்கு ராஜையாவிடம் ஒரே ஒரு வேல்காரன்தான் மிச்சம். வழக்கமாகச் சனிக்கிழமை தேவாலய வேலையில் அவருக்கு ஆட நேரம் கிடைக்காது; ஞாயிறு முழுக்க முறை இங்கேயே கிடக்கும். ஆனால் நேற்று பதறிப்போய் ஆடிவிட்டார். இனி கூட்டாளியாக ஆடும் அந்தப் பக்கத்துக் குதிரைப்படை வந்தால்தான் உண்டு.

ஆனால் எப்படி வரும்? கொள்ளைக்காரன் சுற்றும்போது சொந்த ஊரைக் காலியாக விடக்கூடாது என்று ஜெனிலுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுத்தது. ‘உங்கள் முறை.’

ராஜையா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். செங்கலைச் சுற்றிக் குதிரைகள். கொள்ளைக்கூட்டம் சிதறிக் கிடந்தது. ஒரு குதிரையைக்கூட நிறுத்திக்கொள்ளாமல் அனுப்பியிருந்ததில், அந்தப் பக்கத்து ஊர் காவலில்லாமல் கிடந்தது.

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஊரு தப்பிச்சில்லியா? பின்ன எதுக்கு கரையுதீங்க?”

“இன்னைக்கு ஞாயிறாட்ச. நம்ம வீட்டுச் சட்டம் தெரியாத ஆளாக்கும் இத ஆடினது. லேகாவாக்கும்.”

லீலாபாய் பக்கத்தில் வந்து அவர் தோளில் கைவைத்தாள்.

“பின்ன வேற யாரு இருக்கா அங்க?”

“தெரியும். தெரிஞ்சும் அவன்தான் ஆடுகான்னு நான் என்னையே ஏமாத்திட்டு இருந்தேன்.” ராஜையா எழுந்து சட்டையைத் தேடினார். “ஒரு ஆட்டோ விளி. அவள கூட்டிட்டு வரணும்.”

“இந்த வீட்டுக்கா?”

“முதல்ல கல்லறைத் தோட்டத்துக்கு. ஜெனிலுக்க பெட்டிமேல ஒரு பிடி மண்ணு போட, அன்னைக்கு நான் அவள விடல்லியே.”