வெள்ளிமலை வேர்

"யார்கிட்ட உன் திருட்டு வேலையக் காட்டுற?"

பேராசிரியர் ஆல்பின் மேஜையில் ஓங்கித் தட்டியதில் கண்ணாடிக் குடுவைகள் அதிர்ந்தன. எதிரே நின்ற சின்னப்பொண்ணு அசரவில்லை. கல்வராயன் மலையிலிருந்து இத்தனை வருஷமாக அவருக்கு வேர் தோண்டிக் கொண்டுவருபவள் அவள்தான்.

"சார், வார்த்தைய அளந்து பேசுங்க. யார் திருடி?"

"நீதான்! வெள்ளிமலை வேர்னு சொல்லி வேற எதையோ தோண்டிக்கினு வந்து என் தலையில கட்டியிருக்க. திரும்பத் திரும்ப மெஷின்ல போட்டுப் பாத்துட்டேன். மருந்து ஒரு சொட்டு இல்ல!"

அவர் பதறியதில் ஆச்சரியமில்லை. அந்த வேரில் சீழ்க் கிருமிகளைக் கொல்லும் மருந்துப் பொருள் இருப்பதாகக் கண்டுபிடித்தவர் அவர். டாக்டர் பட்டம், பேராசிரியர் பதவி, சென்னையில் வாங்கிய விருது, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் வரை ஒட்டிய வாழ்த்துப் போஸ்டர், எல்லாமே அந்த ஒரு பொருளால் வந்தவை. நாளைக் காலை மருந்து கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். தங்கள் கண் முன்னாலேயே வேரிலிருந்து மருந்தைப் பிரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். காட்ட முடியாவிட்டால் புளுகன் என்று பெயரெடுத்து வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"அதே பாற, அதே செடி சார். போன தபா தோண்டின குழிக்குப் பக்கத்துலயே தோண்டினேன். மோந்து பாருங்க, அதே வாசன அடிக்கல?"

"வாசன அடிக்குது. மருந்து எங்க? சாற எவனுக்காச்சும் புழிஞ்சி குடுத்துட்டு சக்கைய எனக்குக் கொண்டாந்தியா?"

சின்னப்பொண்ணுவுக்கு முகம் கன்றிப்போனது.

"இன்னா சார் பேசுற நீ?" மரியாதை காற்றில் பறந்தது. "முள்ளு கிழிச்சிக்கினு, பாறையில உருண்டு எழுந்து உனக்கு வேர் தோண்டினா நா திருடியா? பேப்பர்ல நீ சால்வ போத்திக்கினு சிரிச்ச. நா எங்கன்னு ஒரு வார்த்த கேட்டிருப்பேனா?"

"கத்தாத! எதையும் மாத்தலன்னா மருந்து எங்க போச்சு? யோசிச்சி சொல்லு, எதையாச்சும் மாத்தினியா?"

"நா இன்னாத்த மாத்தினேன்? கடப்பாறையக்கூட மாத்தல. நீதான் மாத்தச் சொன்ன. பெரிய மனுசங்க வராங்க, நீ குடுத்த நீல பிளாஸ்டிக் கவர்ல எப்பவும் போல கட்டிக்கினு வந்தா கேவலமா இருக்கும், துணிப் பையில கொண்டான்னு போன்ல சொன்னது நீதான? அப்படியே கொண்டாந்தேன். அதுக்குப் பேரு திருட்டா?"

ஆல்பின் துணிப் பையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று பின்னாலிருந்த சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"கதவ சாத்தினா வுட்டுடுவனா?" சின்னப்பொண்ணு வெளியே நின்று சத்தம் போட்டாள். "திருடின்னு சொன்னத வாபஸ் வாங்காம நா மலைக்கு பஸ் ஏற மாட்டேன்!"

வெகுநேரம் கழித்து வெளியே வந்தவரின் கையில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. முகம் வெளுத்திருந்தது. குப்பியிலிருந்து ஒரு துளியை மெஷினுக்குள் செலுத்திவிட்டுத் திரையைப் பார்த்தபடி நின்றார்.

தரையோடு தரையாக ஓடிய கோடு, திடீரென்று கோபுரம் மாதிரி நிமிர்ந்தது. மருந்து இருந்தால் எழும் கோபுரம். இத்தனை வருஷத்தில் பார்த்துப் பார்த்து அது அவளுக்கும் அத்துப்படி.

"தோ, வந்துடுச்சில்ல!" அவள் கையைத் தட்டினாள். "எப்பவும் நிக்கிறத வுட ரெண்டு மடங்கு நிக்குது பாரு, அம்மாம் ஒசரம்! இப்ப சொல்லு, யார் திருடி? என் வேர்ல மருந்து இருக்கா, இல்லியா?"

ஆல்பின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இதுல வேரே போடலம்மா," என்றார். "உனக்குக் குடுத்தனே நீலக் கவர், அந்தக் கட்டுல புதுசா ஒண்ண எடுத்து, வெட்டி ஊற வெச்சேன்."